நான் சோதித்த பைக்குள் நானே படுத்தேன்

பணி ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் பட்டறையிலிருந்து போன் வந்தது. சோதனை மேசைக்குப் புதிதாக நான்கு பெண்களை எடுத்திருக்கிறார்களாம். ஊசியே இல்லாமல் துணியை ஒட்டிவிடும் மெஷினும் வந்துவிட்டதாம். "அக்கா, உங்க அனுபவத்த ரெண்டு பக்கத்துல எழுதிக் குடுங்க, புதுசா வந்தவங்களுக்குப் படிக்கக் குடுக்கிறோம்" என்றார்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். என் மேசையைத் தாண்டிப் போன பைகள் எத்தனை என்று எனக்கே தெரியாது. அவற்றில் ஒழுகியவை ஆறு. அந்த ஆறைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். ஊர் பூந்தமல்லி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கூடாரம், தார்ப்பாய், முதுகுப்பை தைக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். முதல் ஒன்பது வருடம் தையல் மெஷின். ரெயின்கோட் தைத்தேன், லாரிக்குத் தார்ப்பாய் தைத்தேன், பள்ளிக்கூடப் பை தைத்தேன். விரலில் ஊசி ஏறியது மூன்று முறை. அதற்கு மேல் அந்த ஒன்பது வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு என் கண்ணை நம்பி என்னைச் சோதனை மேசையில் உட்கார வைத்தார்கள்.

வைத்தவர் ராமலிங்கம் சார், எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். கத்திப் பேசி நான் கேட்டதில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணையும் "வாங்க, போங்க" என்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் சாக்பீஸ் இருக்கும். லைன் ஓரமாக நடந்துகொண்டே வருவார். ஒரு துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். குறை தெரிந்தால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, துணியை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். என்ன குறை என்று சொல்ல மாட்டார். வட்டத்துக்குள் உற்றுப் பார்த்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். திட்டியிருந்தால்கூட அரை மணியில் மறந்திருப்போம். அந்த வட்டம் சாயங்காலம் பஸ்ஸில் ஏறின பிறகும் கண்ணுக்குள் நிற்கும்.

நாங்கள் தைத்ததில் கடினமானது பிவி பை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையில் ராத்தங்கல் போகிறவர்கள் கூடாரம் தூக்கிக்கொண்டு போனால் பாரம். அதனால் ஸ்லீப்பிங் பேக் மேல் மாட்டிக்கொள்ள ஓர் உறை இருக்கிறது. ஆள் நீளத்துக்குத் தலையணை உறை மாதிரி இருக்கும். தண்ணீர் உள்ளே வராத துணி. வாய்ப்பக்கம் இழுத்துச் சுருக்க ஒரு கயிறு. அதற்குள் புகுந்து வெட்டவெளியில் படுத்துவிடலாம். சுருட்டினால் ஒரு தண்ணீர் பாட்டில் அளவுதான். எங்கள் லைனில் அதற்குக் 'கூடு' என்று பெயர்.

துணியில் தண்ணீர் இறங்காது. ஆனால் ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றிலும் இறங்கும். அதனால் தையல் மேல் உள்பக்கமாக ஒரு டேப் ஒட்டுவோம். டேப் மெஷின் மூக்கிலிருந்து சூடான காற்று வரும், டேப்பின் பசை உருகும், ரோலர் அழுத்தும். சூடு சரியாக இருந்தால் டேப்பை நகத்தால் கிளப்பவே முடியாது. சூடு குறைந்தாலும் பார்வைக்கு ஒட்டின மாதிரியேதான் தெரியும். நகம் வைத்தால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வரும்.

சோதனை இப்படித்தான். பத்துக்கு ஒரு பையை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வாய் மேலே இருக்கும்படி கொக்கியில் மாட்டுவேன். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். கீழே செய்தித்தாள். கால் மணி நேரம். தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் பை தள்ளுபடி. கரண்ட் போய் மெஷின் நின்றால் விதி வேறு. திரும்ப ஓட ஆரம்பித்ததும் முதல் ஐந்து பைகளையும், ஒன்று விடாமல், தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். ரிஜிஸ்டரில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு: 'மெஷின் நின்றதா?' ஆம் அல்லது இல்லை எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அது கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலம். டேவிட் என்று ஒருவர் நாற்பது பிவி பை கேட்டிருந்தார். வானகரம், ஐயப்பன்தாங்கல் பக்கத்து ஐ.டி. ஆட்களைச் சனி ஞாயிறில் மலைக்குக் கூட்டிப்போய் ராத்தங்க வைப்பவர். சரக்கு போகிற நாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. டேப் மெஷினில் இருந்தவள் செல்வி. அத்திப்பட்டுக்காரி. அந்த மெஷினில் அவளுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். அவள் மெஷினிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அக்கா, கரண்ட் பூட்ச்சி. இப்பதான் வந்துகீது."

"சரி சரி, பாத்துக்கலாம். வேன் நிக்குது, ஓட்டு" என்றேன்.

பார்த்துக்கொள்ளவில்லை. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து, இருபது, முப்பது, நாற்பது ஆகிய எண்ணுள்ள பைகளைச் சோதித்தேன். நான்கும் கல்லு மாதிரி நின்றன. 'மெஷின் நின்றதா?' கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வேனை அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து டேவிட் நாற்பது பையையும் திரும்பக் கொண்டுவந்து மேனேஜர் மேசை முன்னால் கொட்டினார். கோபமாகத்தான் இருந்தார். "நாப்பது பேர் படுத்தோம் சார். பத்தொம்பது பேர் நனஞ்சி எழுந்தாங்க. அதுல ஒரு பொண்ணுக்கு விடியறதுக்குள்ள உடம்பு வெடவெடன்னு நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. அவள கட்டிப்புடிச்சி உக்காந்து சூடேத்தினோம். மலைலேர்ந்து எறங்கறதுக்கு நாலு மணி நேரம் ஆகும், தெரியுமா உங்களுக்கு?"

ராமலிங்கம் சார் ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நாற்பதையும் கொக்கியில் மாட்டச் சொன்னார். அன்று முழுக்கத் தண்ணீர் ஊற்றினோம். முப்பத்து நான்கு பைகள் ஒரு சொட்டு விடவில்லை. ஆறு பைகள் கால்மாட்டுத் தையலில் சொட்டின. சார் ஒரு பையின் டேப்பில் நகம் வைத்தார். உரிந்து வந்தது.

செல்வியைக் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து வர வேணாங்க" என்றார். அவ்வளவுதான். செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒழுகின ஆறையும் நான்தான் மடித்தேன். லேபிளில் எண் இருக்கும். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு. வரிசையாக. கரண்ட் வந்து மெஷின் சூடேறுவதற்குள் ஓடிய பைகள். விதிப்படி முதல் ஐந்தில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். எண்களை நான் ஒருத்திதான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. இருபது வருடப் பேர் போய்விடுமே என்று பயம். வேறு காரணம் சொன்னால் பொய்.

சாருக்கு இன்னொரு குழப்பம் இருந்தது. "ஆறு பைதான் ஒழுகுது. நனஞ்சது பத்தொம்பது பேர். மீதி பதிமூணு பேர் எப்படிங்க நனஞ்சாங்க?" இத்தனை கூடு தைத்த பட்டறையில் ஒருவர்கூட அதற்குள் ஓர் இரவு படுத்ததில்லை. "யாராவது போய்ப் படுத்துப் பாத்தாதான் தெரியும்" என்றார்.

"நான் போறேன் சார்" என்றேன். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

எங்கள் வீட்டுக்காரர் ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டர். விஷயத்தைச் சொன்னதும் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நூரு, ஊட்ல ஃபேன் நின்னா தூங்க மாட்ட. மலைல பைக்குள்ள படுக்கப் போறியா?"

"வேலைங்க."

"அப்ப போ" என்றார். வேலை என்றால் அவர் மறுபேச்சுப் பேசியதில்லை.

சனிக்கிழமை விடியற்காலை செந்நீர்குப்பம் பஸ் ஸ்டாப்பில் டேவிட்டின் வேன் நின்றது. பன்னிரண்டு பேர். திரும்பி வந்த அந்த நாற்பதிலிருந்தே ஆளுக்கு ஒரு பை கொண்டுவந்திருந்தேன். வேனில் ஏற்றும் முன் ஒவ்வொரு பையையும் அவர் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். என்னுடையது பதினொரு கிலோ.

"அக்கா, கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா?"

பிளாட்பாரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினேன். மாற்றுத்துணி மூன்று செட். தலையணை. கம்பளி. எவர்சில்வர் டிபன் கேரியர் நிறையத் தக்காளி சோறு. குடை. சோப்பு டப்பா. பெரிய டார்ச். ஊறுகாய் பாட்டில். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "இது இல்லன்னா நாளைக்குக் காலைல உங்களால எழுந்து நடக்க முடியாதா?" தலையணைக்குப் பதில் இல்லை, மாற்றுத்துணியைச் சுருட்டித் தலைக்கு வைக்கலாம் என்றார். குடைக்குப் பதில் இல்லை. ரெயின்கோட் போதும், கை சும்மா இருக்கணும் என்றார். ஊறுகாய்க்கு நான் வாதாடினேன், தோற்றேன். தக்காளி சோற்றை அங்கேயே எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டு, கேரியரை வேனில் வைத்துவிட்டோம். கடைசியில் ஒரு செட் துணி, ஸ்வெட்டர், காலுறை இரண்டு ஜோடி, ரெயின்கோட், சின்ன டார்ச், தண்ணீர், ஸ்லீப்பிங் பேக், பிவி. ஐந்து கிலோ.

மலை ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லையில் இருந்தது. இரண்டு மணி நேரம் ஏறின பிறகுதான் அந்த ஆறு கிலோவின் அருமை புரிந்தது. முழங்கால் புரியவைத்தது என்று சொல்ல வேண்டும். பட்டறையில் 'இருக்கட்டும், பலமா இருக்கும்' என்று தையலுக்கு மேல் தையல் போட்டுப் பையைக் கனமாக்கியவள் நான். தூக்குகிறவர் முதுகை நினைத்ததே இல்லை.

ஓடைக்கு மேலே மேடான ஓர் இடத்தில் படுக்கை. டேவிட் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார். "காலை ஓடைப்பக்கம் நீட்டுங்க, தலை மேட்டுல. செருப்ப உள்ள வச்சிக்கோங்க. குளிருச்சின்னா கயித்த இழுத்து வாயை நல்லா இறுக்கி மூடிக்கோங்க." தீபா என்ற ஐ.டி. பெண் என் பக்கத்தில் படுத்தாள். அவளுக்கு ஒன்பதாம் எண் பையைக் கொடுத்தேன், சோதனையில் தேறியது. எனக்கு இருபத்து மூன்றை எடுத்துக்கொண்டேன். கால்மாட்டில் டேப் கிளம்பியிருந்ததை டேவிட் பார்த்துவிட்டார்.

"அக்கா, இது ஒழுகற பை ஆச்சே."

"தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

படுத்து ஒரு மணி நேரத்தில் தூறல் பிடித்தது. பெரிய மழை இல்லை. பையின் மேல் பொரி கொட்டுகிற சத்தம். எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது, இந்தத் தூறலுக்கு ஒழுகாது என்று. முதலில் இடது கட்டைவிரலில் ஜில்லென்றது. பிறகு பாதம். காலுறை ஊறி, ஈரம் கணுக்காலுக்கு ஏறியது. காலை மடக்கினேன், இடமில்லை. பையை விட்டு எழுந்து போகலாம் என்றால் மழையில் எங்கே போவது? அந்த நடுங்கின பெண்ணுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த ஆறில் ஒன்றில்தான் அவள் படுத்திருக்க வேண்டும். செல்வி என்னைப் பார்த்த பார்வையும் கூடவே வந்தது. 'இல்லை' என்று நான் எழுதிய ஒரு வார்த்தைக்குள் முழு இரவும் படுத்திருந்தேன்.

வெளிச்சம் வந்ததும் தீபா எழுந்தாள். "ஆன்ட்டி, நானும் நனைஞ்சிட்டேன்" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் கால் பக்கம் காய்ந்திருந்தது. நெஞ்சுப் பக்கமும் கழுத்துப் பக்கமும்தான் ஈரம். பையின் உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்முத்து. விரலால் தேய்த்தேன், கோடு விழுந்தது. குளிர்காலத்தில் பஸ் கண்ணாடிக்குள் பனிக்குமே, அதே மாதிரி.

"ராத்திரி வாயை மூடிக்கினியாம்மா?"

"ஃபுல்லா மூடிட்டேன் ஆன்ட்டி. மூக்குகூட உள்ளதான்."

மழைத் தண்ணீரே இல்லை. அவள் மூச்சு. இரவு முழுக்க விட்ட மூச்சுக்காற்று வெளியே போக வழியில்லாமல் துணியில் பட்டுக் குளிர்ந்து, தண்ணீராகி, அவள் மேலேயே இறங்கியிருக்கிறது. மற்றவர்களையும் கேட்டேன். இறுக்கி மூடியவர்கள் எல்லாரும் ஈரம். மூக்கை வெளியே விட்டுப் படுத்தவர்கள் காய்ந்திருந்தார்கள். பதிமூன்று பேருக்கும் கணக்கு வந்துவிட்டது.

டேவிட் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். "மூடிக்கோங்கன்னு சொன்னதே நான்தானேக்கா" என்றார். பிறகு, "தப்பு என் மேலயும் கீது. ஆறு பைய மட்டும் மாத்திக் குடுங்க, மீதிய நானே எடுத்துக்கிறேன். இத்தோட விட்டுடலாம்" என்றார்.

அவர் மனசு நல்ல மனசு. அந்த நிமிடம் எனக்கு ஒரு கதவு திறந்தது. வாடிக்கையாளர் சமாதானம், ஆறு பைக்குச் செல்வி காரணம், மலையில் படுத்து மர்மத்தைக் கண்டுபிடித்தது நூர்ஜஹான். யாரும் ரிஜிஸ்டரைப் புரட்டப் போவதில்லை. கீழே இறங்குகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஈரக் காலுறையை மாற்றியிருந்தேன், ஆனாலும் கால் ஜில்லென்றே இருந்தது.

திங்கட்கிழமை காலை ரிஜிஸ்டரையும் ஆறு லேபிளையும் ராமலிங்கம் சார் மேசையில் வைத்தேன். மூச்சு விஷயத்தை முதலில் சொன்னேன். பிறகு அந்தக் கட்டத்தைக் காட்டினேன்.

"அன்னிக்குக் கரண்ட் போச்சு சார். செல்வி எங்கிட்ட சொன்னா. நான்தான் 'இல்லை'ன்னு எழுதினேன்."

அவர் லேபிள்களை வரிசையாக அடுக்கினார். இருபத்தொன்றிலிருந்து இருபத்தாறு வரை விரல் வைத்துப் பார்த்தார்.

"இது உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சுதுங்க?"

"தண்ணி ஊத்தின அன்னிக்கே சார்."

"அஞ்சு நாள்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "அஞ்சு நாளா அந்தப் பொண்ணு வீட்ல உக்காந்திருக்கு. நீங்க சொல்லாம இருந்தது உங்க தப்பு. நான் ஒரு வார்த்தை கேக்காம அனுப்பினது என் தப்பு. கிளம்புங்க, ரெண்டு பேரும் போவோம்."

ஆட்டோவில் அத்திப்பட்டு போனோம். செல்வி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னா சார், ஊடு வரிக்கும் வந்துகிறீங்க. உள்ள வந்து குந்துங்க."

சார் உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொல்லி, "என்னை மன்னிச்சிடுங்கம்மா, வேலைக்கு வாங்க" என்றார். செல்வி அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் திரும்பினாள்.

"மெஷின் சூடாவறதுக்குள்ள ஓட்டுனது என் தப்புதான். அத ஒத்துக்கிறேன். ஆனா கரண்ட் பூட்ச்சின்னு சொன்னேன்ல அக்கா?"

"சொன்ன."

"சார் கைல நான் அத ஏன் சொல்லல தெரியுமா? நீயே சொல்லுவன்னு நெனச்சிகினு இருந்தேன். அன்னிக்கு சாய்ங்காலம் வரிக்கும் நெனச்சேன். ஊட்டுக்கு வந்தும் நெனச்சிகினே இருந்தேன்."

"தப்பு பண்ணிட்டேன் செல்வி" என்றேன். அதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் கதவைச் சாத்தியிருப்பாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவள் அலசிய துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "வரேன் சார். ஆனா ஒண்ணு. மெஷின் நின்னுச்சா இல்லியான்னு அந்த நோட்டுல நான் எழுதுவேன். நான் எழுதி, கையெழுத்துப் போட்டப்பறம்தான் அக்கா போடணும். மெஷின்ல கை வச்சிகினு இருக்கிறது நானு."

"செய்யலாங்க" என்றார் சார். மறுநாளே ரிஜிஸ்டரில் புதுக் கட்டம் வந்தது. நான் ஓய்வு பெற்ற நாள் வரை அந்தப் பக்கங்களில் செல்வியின் கையெழுத்து மேலே, என்னுடையது கீழே. ஆறு மாதம் எனக்குச் சோதனை மேசை இல்லை. பழையபடி தையல் மெஷினில் உட்காரச் சொன்னார் சார். உட்கார்ந்தேன். அது நியாயம்தான். திரும்பி வந்தபோது முன்னைவிட நல்ல சோதனைக்காரியாக வந்தேன், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பிவி பையும் மாறியது. வாய்ப்பக்கம் கொசுவலைத் துணியில் ஒரு ஜன்னல் வைத்தோம், மூச்சு வெளியே போக. அதன் மேல் மழைக்கு ஒரு மடிப்பு. 'மூக்கை ஜன்னல் பக்கம் வைத்துப் படுக்கவும்' என்று லேபிளில் தமிழில் அச்சடித்தோம். தேவையில்லாத இரட்டைத் தையலை எடுத்தோம், எடை குறைந்தது. டேவிட் நாற்பதையும் புதிதாக வாங்கிக்கொண்டார். வருடத்துக்கு ஒரு முறை பட்டறையிலிருந்து இரண்டு பேர் அவருடைய ராத்தங்கலுக்குப் போய் நாம் தைத்ததில் நாமே படுக்க வேண்டும் என்று ராமலிங்கம் சார் வழக்கம் ஆக்கினார்.

அடுத்த வருடம் நானும் செல்வியும் போனோம். அன்றைக்கு நல்ல மழை. விடிந்ததும் பக்கத்துக் கூடு அசைந்தது. முதலில் தலை வந்தது, பிறகு கை, கடைசியில் காலுறை மாட்டிய இரண்டு காலும் வெளியே வந்தன. பை எண்களைக் குறித்து வைத்திருந்த டைரியை நான் திறந்து, அவள் பை எண்ணுக்கு நேராக 'காய்ந்திருந்தது' என்று எழுதப் போனேன்.

செல்வி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். காலை என் பக்கம் நீட்டினாள்.

"தொட்டுப் பாத்துட்டு எழுதுக்கா."

தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக, காய்ந்திருந்தது. பிறகுதான் எழுதினேன்.